பூட்டும் குறிப்பும்

என் குறிப்புக்காரனுக்கு,

நீ கோவிச்சுக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போனதும், நாம ஆளுக்கொண்ணா எழுதின குட்டி கம்ப்யூட்டர் மொழி ரெண்டையும் ஒரே புரோகிராம்ல சேர்க்கச் சொல்லி நம்ம ஆபீஸ் மேனேஜர் என் தலையில கட்டிட்டார். உன்னோடது, புரோகிராம்ல நடக்கிற ஒவ்வொண்ணையும் குறிச்சு வைக்கும். என்னோடது, ரெண்டு பேர் ஒரே நேரத்துல கை வைக்கிற எதையும் பூட்டும். தனித்தனியா ரெண்டும் தங்கம்.

சேர்த்து ஓட்டினேன். என்னோடது பூட்டுச்சு. பூட்டினதை உன்னோடது குறிச்சுது. அந்தக் குறிப்பை என்னோடது பூட்டுச்சு. அதையும் உன்னோடது குறிச்சுது. இப்படியே மாத்தி மாத்தி மல்லுக்கட்டி கம்ப்யூட்டரே திணறி நின்னுடுச்சு. செய்ய வந்த வேலை மட்டும் தொடங்கவே இல்ல.

"யார் மேல தப்பு?"ன்னு மேனேஜர் கேட்டார்.

"ரெண்டு பேர் மேலயும் இல்ல சார்"னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஒரே ஒரு விதி சேர்த்தேன்: ஒண்ணு செய்யறதை இன்னொண்ணு கண்டுக்கக் கூடாது. இப்ப ஜோரா ஓடுது.

அப்பா எப்ப வருவாருன்னு பாப்பா நச்சரிக்கிறா. வா. சண்டையில நான் சொல்றதையெல்லாம் மனசுல குறிச்சு வைக்காத. நானும் ரூம் கதவைச் சாத்திக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பூட்டுக்காரி