மாரி ஓடுவதற்கு ஒரு மிக்ஸ்

ஜூலை 7, திங்கள்

மலைப்பக்கம் சாரல். ஊருக்குள் வெறும் காற்று, துணி காயப்போட முடியவில்லை. முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வீடு. எட்டு மணி நேரம் நூல் சுற்றும் வைண்டிங் மிஷின் இரைச்சல். மில்லில் பஞ்சு வைத்துக் காதைக் காப்பாற்றுவதே சாயங்காலத்துக்காகத்தான். வழக்கம்போல முதல் அரை மணி நேரம் காதில் ஒன்றும் மாட்டவில்லை. பிறகு ஹெட்போன்.

அம்மா: “ரெண்டு தேங்காச் சிரட்டையக் கவுத்தி வச்ச மாதிரி இருக்கு.”

இருக்கட்டும். இன்று கேட்டது நூறு தடவை கேட்ட பழைய பாட்டு. சரணத்துக்கு முன்னால் பாடகி மூச்சு இழுப்பது இன்றைக்குத்தான் கேட்டது. இடது காதில் உறுமி, வலது காதில் பம்பை, நடுவில் அவர். ரேடியோ செட்டில் கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது.

ஆறு மணிக்கு மாரி போன். மம்சாபுரத்துக்காரி, பள்ளிக்கூடத்தில் என் பெஞ்ச். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வேலை. போலீஸ் எழுத்துத் தேர்வு பாஸ். 23-ம் தேதி விருதுநகரில் ஓட்டம். நானூறு மீட்டர், இரண்டரை நிமிடத்துக்குள். இவளுக்கு 2.36 ஆகிறது. இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும்.

“பொறவு காலம் பூரா சேலைய விரிச்சுக் காட்டி மடிச்சு வைக்க வேண்டியதுதான்” என்றாள். குரல் சரியில்லை.

“ஓடையில என்னட்டி நெனப்ப?”

“எப்ப முடியும்னு நெனப்பேன்.”

பாட்டுகளை வெட்டி ஒட்டி ஒரு மிக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

நான் இதுவரை போட்ட மிக்ஸ்களில் சில. (பெருமைக்குத்தான் எழுதுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.)

– மில் தோழி நூர்ஜஹானுக்கு ராஜபாளையம்–ஸ்ரீவி. பஸ் மிக்ஸ். ஏறும்போது போட்டால் இறங்கும்போது முடியும். பாட்டில் கிறங்கிப்போய் அவள் ஸ்ரீவி.யைத் தாண்டி கிருஷ்ணன்கோவிலில் போய் இறங்கியது என் குற்றம் இல்லை.
– அண்ணிக்கு, பிள்ளையைத் தூங்கவைக்கும் மிக்ஸ். முதலில் தூங்கியது அண்ணி.
– அம்மாவுக்கு, ஆட்டுக்கல் மிக்ஸ். கேட்கவே இல்லை.

எல்லாம் அரை மணி, ஒரு மணி நேரம். இரண்டரை நிமிடத்துக்குள் அடங்குகிற மிக்ஸ் இதுதான் முதல்.

மத்தியானம் பஸ் ஏறி ஸ்ரீவி. கிரவுண்டு. மாரி ஓட, நான் நின்று அடி எண்ணினேன். முதல் நூறு மீட்டர் நாய் துரத்துகிற மாதிரி ஓடுகிறாள். முந்நூறில் தள்ளாடுகிறாள். யாரும் சொல்லித்தராமலே விஷயம் புரிந்தது: ஆரம்பத்தில் இவளைப் பின்னால் பிடித்து இழுக்கிற தாளம் வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

முடிந்தது. நான்கு துண்டு:
1. வெறும் பறை, நிதானமாக. அவளைக் கட்டிப்போட.
2. கைதட்டலும் கும்மியும். கால் வேகம் மாறாமல் வைக்க.
3. புல்லாங்குழல், ஆறே வினாடி. மூச்சு வாங்க.
4. தவில். கடைசி நூறுக்கு.

மொத்தம் 2.24. ஒரு தாளம் இன்னொன்றாக மாறுகிற இடம் ஹெட்போனில் கேட்டாலும் தெரியாது. தெரிந்தால் என் பெயர் சங்கரி இல்லை. அந்தக் குழல் துண்டைத் தேட மட்டும் இரண்டு நாள். யாரும் இவ்வளவு அழகான மூன்றாம் துண்டு போட்டு நான் கேட்டதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கிரவுண்டு. ஆடிப்பூரத்துக்குப் பந்தல் வேலை, எங்கே பார்த்தாலும் குழாய் ஸ்பீக்கர். மாரி இயர்போன் ஒயரைப் பின்னலுக்குள் செருகிக்கொண்டு ஓடினாள். 2.33. மூன்று வினாடி குறைந்தது. பால்கோவா வாங்கித் தந்தாள். நல்ல நாள்.

ஜூலை 15, செவ்வாய்

மறுபடி 2.33. அடுத்த ஓட்டம் 2.33. அதற்கு அடுத்தது 2.34. இன்னும் எட்டு நாள்.

நான்காவது தடவை நானும் ஹெட்போனில் அதே மிக்ஸைப் போட்டுக்கொண்டு அவள் காலைப் பார்த்தேன். முந்நூறு மீட்டர்ப் பக்கம். குழல் வந்தது. கால் தளர்ந்தது.

“அந்த இடத்துல ஏன் நிக்க?”

“நிக்கலயே. அது வந்ததும் செத்த நேரம் மனசு லேசாயிருது. எம்புட்டு நல்லாருக்கு தெரியுமா.”

முதலில் சந்தோஷப்பட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான் பட்டேன். பஸ் மம்சாபுரம் விலக்கைத் தாண்டும்போதுதான் உறைத்தது. அவளைத் தாமதப்படுத்துவது நான்தான். ஓட்டத்துக்கு மிக்ஸ் கேட்டவளுக்கு நான் உட்கார்ந்து கேட்கிற மிக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

குழலை வெட்டினேன். மூன்று தடவை வெட்டி மூன்று தடவை திரும்ப ஒட்டினேன். நாலாவது தடவை ஒட்டவில்லை. கும்மியிலிருந்து நேரே தவில். முரட்டுத்தனமாக இருக்கிறது. 2.18. சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா: “ஏட்டி, யாரும் எதும் சொன்னாவளா?”

ஜூலை 18, வெள்ளி

2.25.

ஜவுளிக்கடை முதலாளி 23-ம் தேதிக்கு லீவு தரமாட்டேன் என்கிறாராம். அவளே ஏதோ பேசிக்கொள்வாள். இன்னொரு விஷயம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது: விருதுநகரில் ஓடும்போது காதில் எதுவும் மாட்ட விடமாட்டார்கள். முகம் விழுந்துவிட்டது.

“அப்பொறம் எதுக்குட்டி இம்புட்டுப் பாடு?”

இயர்போனைப் பிடுங்கி என் பையில் போட்டேன். வெறும் காதோடு ஓடு, வாயால் பாடு என்றேன். முறைத்தாள். ஓடினாள். 2.31.

ஜூலை 21, திங்கள்

மாரி எப்படியோ லீவு வாங்கிவிட்டாள். கிரவுண்டில் இயர்போன் இல்லை. வீட்டில், கடைக்குப் போகிற வழியில், சாப்பிடும்போது, அதே மிக்ஸ். நேற்று மட்டும் நாற்பது தடவை கேட்டாளாம். “சேல மடிச்சாலும் தவிலுக்குத்தான் மடிக்கேன்” என்கிறாள். இன்று வெறும் காதோடு 2.24. முணுமுணுப்பு கிரவுண்டின் இந்தப் பக்கம் வரை கேட்டது.

ஜூலை 23, புதன்

வெயில். எனக்கு லீவு கிடைக்கவில்லை, முதல் ஷிப்ட். மிஷின் சத்தத்துக்குள் எனக்கு அந்தத் தவில் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நூல் அறுந்ததைக் கவனிக்காமல் மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினேன். போன் லாக்கரில்.

இரண்டு மணி. எட்டு மிஸ்டு கால், எல்லாம் மாரி. கேட்டில் நின்றே கூப்பிட்டேன்.

“ரெண்டு இருவத்தொண்ணு” என்றாள். தறித்துணி ஏற்றிய லாரி ஒன்று ஹார்ன் அடித்து என்னை ஓரமாகப் போகச் சொன்னது.

பிறகு சொன்னாள்: “வாய்க்குள்ள அடிச்சுக்கிட்டேதான் ஓடுனேன். பக்கத்துல ஓடுன பிள்ள, செட்டியார்பட்டிக்காரி, அவளும் அந்த அடிக்கே ஓடி வந்துட்டா. அவளும் பாஸு. முடிஞ்சதும் மூச்சு வாங்க வாங்க எங்கிட்ட, அது என்ன பாட்டுக்கான்னு கேக்கா.”

“நீ என்ன சொன்ன?”

“சங்கரின்னேன்.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள். “அப்படி ஒரு பாட்டு இருக்கா?”

இருக்கிறது. இரண்டு நிமிடம் பதினெட்டு வினாடி.