பிள்ளைக்குச் சூடு வந்துவிட்டது

என் பூங்காவனத்துக்கு,

முதலில் நல்ல சேதி. கோவிந்தன் பிழைத்துக்கொண்டான். நீ எங்கே இருந்தாலும் பதறிக்கொண்டுதான் நிற்பாய், அதனால்தான் இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

நீ போன பிறகு அவன் சாமைக்கஞ்சியைக்கூடத் துப்பினான். பால்குடி மறக்காத பிள்ளைக்கு நான் என்னத்தைக் கொடுப்பேன், சொல்லு? கை கால் குச்சியாகி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். உடம்பு மட்டும் சில்லென்று இருந்தது. காய்ச்சலில் கொதித்துக் கொதித்தே கண்ணை மூடியவள் நீ. அதனால் அந்தக் குளிர்ச்சி எனக்கு ஆறுதலாகவே இருந்தது. காய்ச்சல் இல்லை, தேறிவிடுவான் என்று உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன்தான் கண்டபடி திட்டி, எங்களைப் போளூருக்கு ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவன் பாதத்தைத் தொட்டதும் நர்சம்மாவின் முகம் மாறிவிட்டது.

"காச்சல்தான் இல்லியேம்மா?" என்றேன்.

"இன்னாய்யா பேசற? ரத்தத்துல கிருமி ஏறிடுச்சு. காச்சல் அடிக்கக்கூட இந்த உடம்புல சத்து இல்ல. சட்டையக் கழட்டு!"

ஊசி போட்டு, பிள்ளையை என் வெறும் மார்பில் கிடத்தி, இருவரையும் சேர்த்துக் கம்பளியால் சுற்றினார். கிருமியை ஊசி பார்த்துக்கொள்ளுமாம், சூட்டை நான் கொடுக்க வேண்டுமாம். அந்த வார்டில் ஆம்பளை நான் ஒருத்தன்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்துக் கட்டில் சந்தவாசல்காரி சும்மா இருப்பாளா?

"இன்னாண்ணா, பாலும் நீயே குடுத்துடுவியா?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீரோடு. அசைந்தால் சூடு போய்விடுமோ என்று சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. அவளேதான் சோறு பிசைந்து என் கையில் உருட்டி வைத்தாள். நல்ல மனுஷி.

ஊசி மேல் ஊசி. ஸ்பூன் ஸ்பூனாகப் பால். இன்று காலையில் அவன் உள்ளங்கால் வெதுவெதுப்பாக என் வயிற்றில் உதைத்தது. பிறகு கத்தினான் பார், அப்படி ஒரு கத்தல்! ஓடிவந்த நர்சம்மா, "அழட்டும்யா, நல்லா அழட்டும்" என்று சிரித்தார். அப்பாடா! எனக்கு உயிர் வந்தது.

அழுது முடித்து என் முகத்தைப் பார்த்து, "அம்மா" என்றான்.

"இன்னாடா?" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

கோபமா உனக்கு? சண்டைக்கு வராதே. அவனுக்குப் பேச்சு தெளியும்வரை அந்தப் பேர் என்னிடம் இருக்கட்டும். தெளிந்ததும் அது யாருடையது என்று நானே சொல்லிக்கொடுப்பேன். இது சத்தியம்.

இப்போதைக்கு அவன் அம்மா,
எப்போதும் உன் மாமன்.