வெள்ளை உடுப்புக் கனவு

அஸ்ஸலாமு அலைக்கும் என் தங்கப் பேத்திக்கு,

நான் கனவைச் சொன்ன அந்தக் காலையில் யட்டவத்த வீட்டில் இருந்தவர்கள் வாப்பா, உம்மா, என் கூடப்பிறந்த கலந்தர் நானா, கலேவெலயிலிருந்து வந்திருந்த வாப்பாவின் தங்கை மஸீஹா மாமி. தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாத்தளைப் பெரிய ஸ்கூலுக்கு, அங்கே பிள்ளைகள் போடும் வெள்ளை உடுப்போடு தனியாக நடந்து போவதாகக் கண்டேன், அவ்வளவுதான். மாமி நெஞ்சில் கை வைத்தாள். "வெள்ள உடுப்போட, தனியாவா? அது மையத்த அடக்கம் பண்ணக்குள்ள உடுத்துற கஃபன், நானா. இந்தப் புள்ளய இனி ஸ்கூலுக்கு அனுப்ப வாணாம்."

வாப்பா பயந்துவிட்டார். பாசத்தில் பயந்த மனிதரை நான் என்ன சொல்ல? அடுத்த கிழமையே மாமி தன் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னைக் கலேவெலக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கெம்பஸில் கனவுகளைப் பற்றிய இலக்கியப் பாடத்துக்கு என் கனவை வாசிக்கவா என்று நீ போனில் கேட்டபோது, வேண்டாமென்றே சொல்ல நினைத்தேன். ஆனால் நீ பலன் சொல்லவில்லை. "கனவுல சந்தோஷமா இருந்தீங்களா, உம்மும்மா?" என்று கேட்டாய். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை.

இருந்தேன் மகள். காலில் புதுச் சப்பாத்து. நடக்க நடக்க அதன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வகுப்பில் வாசி. பெயர்களை மாற்றச் சொன்னார்களாமே, மாற்று. மாமியின் கடைசி நேரத்தில் வாயில் தண்ணீர் விட்டது நான்தான். மன்னித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. மஸீஹா என்ற பெயர் அப்படியே இருக்கட்டும்.

உன் உம்மும்மா