கார்டு மட்டும்தான் பாக்கி

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நம் வீட்டு ஹால்தான் சுகமாக இல்லை. நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், மெசேஜ் அனுப்பலாமென்றால் என் போன் என்னிடம் இருந்தால்தானே, அவருடைய திரை சின்னதாம், கம்ப்யூட்டர் சேர்க்கும் வீடியோவையெல்லாம் என் போனில்தான் பார்க்கிறார். அதனால் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, மூக்குக்கண்ணாடி துடைக்கிற மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் நடுவில் யாரோ வந்து ஃபிரேம் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்.

ஆமாம், கம்ப்யூட்டர்தான். உன் அப்பா கேம் விளையாடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கித் தானே சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஏசி மெக்கானிக்குக்கு எதற்கு இந்த வேலை என்று நீ சிரிப்பாய், நான் சிரித்து ஓய்ந்து பல வாரம் ஆகிவிட்டது. ரெடிமேடாக ஒன்று வாங்கிவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன், "எவனோ முடுக்கின ஸ்குரூவ நான் ஏன் நம்பணும்" என்றார். சரி, நீங்களே முடுக்குங்கள், ஆனால் எதை முதலில் வாங்குவது என்று ஒரு முறை இருக்கும் அல்லவா? என்ன கேம், அதற்கு எந்த கிராபிக்ஸ் கார்டு, அதற்கு ஏற்ற பிராசசர், மதர்போர்டு, எல்லாம் முடிவான பிறகு அவை அடங்குகிற பெட்டி. இவர் முதலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். ஒரு பக்கம் கண்ணாடி வைத்த ஒல்லிக் கறுப்பு கேபினெட். "பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு!" கடையில் நான் தினமும் படுகிற பாடு இதுதான், பவர் என்னவென்று பார்ப்பதற்கு முன்பே ஒல்லி ஃபிரேமை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார்கள், பிறகு தடித்த லென்ஸ் அதில் உட்காரவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அதை எடுத்துச் சொன்னேன். "நீ மூக்குக்கண்ணாடிய பாரு, மிஷின நான் பாத்துக்கறேன்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு காற்றுப் பைத்தியம் பிடித்தது. "சூடுதான்டி எந்த மிஷினுக்கும் எமன்" என்று சொல்லிச் சொல்லி, உள்ளே வைக்க ஒரு பாகமும் வாங்காமல் கேபினெட்டில் எத்தனை ஃபேன் மாட்ட இடமிருக்கிறதோ அத்தனையும் வாங்கி மாட்டினார். பழைய அடாப்டர் ஒன்றில் அவற்றை ஓடவிட்டு, முன்னால் நூலைப் பிடித்துக்கொண்டு காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார், நூல் பறந்ததில் அவருக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பவர் சப்ளை வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். இதில் பாதி போதும் சார் என்று கடைக்காரர் நல்லவிதமாகத்தான் சொன்னார், "ஸ்டார்ட் ஆகறப்போ மூணு மடங்கு கரண்ட் இழுக்கும், உங்களுக்குத் தெரியாது" என்று இவர் அவருக்குப் பாடம் எடுத்தார். கம்ப்யூட்டருக்குள் ஏசி கம்ப்ரஸரா இருக்கிறது? கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பிராசசரும் மதர்போர்டும் வந்து சேர்ந்தன, அடுத்து பிராசசர் மேல் வைக்கிற கூலர். கடையிலேயே பெரியதைப் பார்த்து, ஹார்லிக்ஸ் பாட்டில் உயரத்துக்கு ஒன்றை வாங்கி வந்து மாட்டியும் விட்டார். கேபினெட்டின் கண்ணாடி மூடவில்லை, கூலர் ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. சின்னதாக மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றேன். "கூலிங்க குறைக்கறதா? ஆகாத பேச்சு" என்றார். இருபது வருடமாக ஊரார் ஜன்னல் கண்ணாடியில் ஏசி பைப்புக்கு ஓட்டை போட்டவர், இந்தக் கண்ணாடியிலும் வட்டமாக ஒரு ஓட்டை போட்டுவிட்டால் கூலரின் தலை வெளியே வந்துவிடும் என்று முடிவு செய்து, ஹால் நடுவில் பாய் விரித்து டிரில்லை வைத்தார். நான் சமையலறையில் இருந்தேன். பட்டாசு மாதிரி ஒரே சத்தம். ஓடி வந்து பார்த்தால் கையில் டிரில்லோடு இவர் நிற்கிறார், காலைச் சுற்றி கல்லுப்பு கொட்டியது மாதிரி கண்ணாடி. நல்லவேளை, ஒரு கீறல் இல்லை. "டஃபன்ட் கிளாஸா இருந்திருக்கு, அத வெட்டவே முடியாதே" என்றார், யாரோ அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி! கேபினெட் வந்த அட்டைப்பெட்டியில் அது கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இன்று காலை கூட என் செருப்புக்குள் ஒரு கண்ணாடி மணி கிடந்தது. இப்போது அந்தப் பக்கத்துக்குக் கொசுவலைத் துணி கட்டியிருக்கிறார், காற்று முன்னைவிட நன்றாக வருகிறதாம்.

எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டால் ஃபேன்கள் ஓடுகின்றன, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு. ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக் களைத்து, கடைசியில் உன் மாமாவைக் கூப்பிட்டோம். என் தம்பியின் புத்திசாலித்தனத்தைத்தான் நீ அறிவாயே, இந்த பிராசசரை வாங்கச் சொன்னதே அவன்தான். சாவகாசமாக உட்கார்ந்து, "இதுல டிஸ்ப்ளே உள்ளயே இல்ல அத்தான், கார்டு போட்டாத்தான் படம் வரும்" என்கிறான். இதை முன்பே சொல்வதற்கென்ன என்றால், "நீங்க கேக்கலியேக்கா" என்கிறான். இப்போது கார்டு மட்டும்தான் பாக்கி. மாமா பழையது வாங்கச் சொல்கிறான், கடைக்காரர் பெரியதைக் காட்டுகிறார், அது முன்பக்க ஃபேனில் இடிக்கும். இந்தத் தடவை உன் அப்பாவுக்கே பயம் வந்துவிட்டது. கார்டு அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, அது போக வேண்டிய இடத்தில் செருகி வைத்திருக்கிறார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் குனிந்து அந்த அட்டையைப் பார்க்கிறார்.

எதற்காக இவ்வளவும் என்று இப்போது சொல்கிறேன். பல வாரங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிறு நீ பாதிப் பேச்சில், தூக்கம் வருதும்மா வெச்சிடறேன் என்று வைத்துவிட்டாய். அன்று மாமா சாப்பிட வந்திருந்தான். கேமில் அவன் உன் நண்பர் பட்டியலில் இருக்கிறான் அல்லவா, எதையோ காட்டுகிறேன் என்று தன் போனில் அதைத் திறந்தவன், ஆள் உள்ளே விளையாடிக்கொண்டிருந்தால் எரிகிற பச்சைப் புள்ளி உன் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, இவ எங்க தூங்கறா என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது, மறைக்க மாட்டேன். என்னிடம் பேசினால் மட்டும் தூக்கம் வருகிறதா என்று இரண்டு நாள் மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். உன் அப்பா அந்த போனை வாங்கிக் கொஞ்ச நேரம் புள்ளியையே பார்த்தார். "தூங்கலடி, விளையாடறா. நல்லாத்தான் இருக்கா" என்றார், அவர் முகம் அப்படி ஒரு நிம்மதியில் இருந்தது. மறுநாள் கேபினெட் வந்துவிட்டது. உன்னிடம் சாப்டியா, வேலை எப்படிப் போகுது என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு போனை என் கையில் திணிக்கிறாரே, எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். கண்ணாடி உடைந்த அன்று கூட்டி அள்ளிக்கொண்டே தானாகச் சொன்னார், "போன்ல என்ன பேசறதுன்னே தெரியல எனக்கு. கையில வேலை இருந்தாத்தான் வாய் வரும்." அது உண்மைதான். பள்ளி விடுமுறையில் அவரோடு வேலைக்குப் போய் ஏசிக்குப் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பாயே, உன் சிநேகிதிகளின் சண்டையெல்லாம் எனக்கு முன்பு அவருக்குத் தெரிந்தது அப்படித்தான். உன்னோடு அந்தக் கேமுக்குள் வந்து ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டே பேச வேண்டும் என்பதுதான் அவர் திட்டம். படம் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் உன் முன்னால் வந்து நிற்கப் போகிறாராம். மாமா அவருக்குக் கேமில் ஒரு கணக்கு கூடத் திறந்து கொடுத்துவிட்டான். பெயர் "கூலிங் கிங்". தலையில் அடித்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொன்னவரை மீறித்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் உனக்கு இது பிடிக்குமா என்று ஒருவருமே கேட்கவில்லை. பகலெல்லாம் ஆபீசில் ஒருத்தியாக, போனில் எங்களுக்கு மகளாக இருந்துவிட்டு, யாருக்கும் எதுவாகவும் இல்லாமல் இருக்க உனக்கு ஒரு இடம் வேண்டியிருக்கலாம். எனக்கு இந்தக் கண்ணாடி துடைக்கிற மேஜை மாதிரி. இங்கே உன் அப்பா தினமும் வந்து நின்றால் எனக்கே பிடிக்காது. அதனால் வருகிற ஞாயிறு போன் செய்யும்போது, உனக்குச் சம்மதமென்றால் அவரிடம், எந்த கார்டுப்பா வாங்கப் போறீங்க என்று நீயாகக் கேள். நான் உளறிவிட்டேன் என்று தெரிந்து குதிப்பார், அதை நான் சமாளித்துக்கொள்வேன். இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமிருந்தால் உள்ளே போகாது, அதற்குள் எது அந்தக் கேமுக்குப் போதுமோ அதன் பெயரை அவரிடமே சொல்லு, நீ சொன்னால் கேட்பார். சம்மதமில்லை என்றால் ஒன்றும் கேட்காதே. கார்டு விலை இறங்கப் போகிறது, பொறுத்து வாங்கலாம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், என் பேச்சை நம்புவார். அட்டை அங்கேயே இருக்கட்டும், மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிடுகிறேன், உன்னிடம் இதைப் பற்றி ஒரு நாளும் பேச மாட்டேன். பாவம் பார்த்து மட்டும் சரி சொல்லிவிடாதே. இரண்டு நாள் விளையாடிவிட்டு நீ நழுவிவிட்டால், ஹாலில் உட்கார்ந்து அந்தப் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பார், அதை என்னால் பார்க்க முடியாது. இன்னொன்று, இனிமேல் தூக்கம் வருகிறது என்று சொல்லாதே, விளையாடப் போறேம்மா என்று சொல்லு, நானே வைத்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் என்ன கதியாகியிருக்கிறதோ, பவர் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, முதலில் பவர், பிறகுதான் ஃபிரேம். நல்ல வேலையும் நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களும் உனக்கு எப்போதும் வாய்க்கட்டும், எங்கள் இருவருடைய ஆசியும் உன்னோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. நீ கேட்டுவிட்டாயானால் ஒன்று நினைவில் வைத்துக்கொள், முதல் நாள் உன் அப்பாவுக்கு அங்கே நடக்கக்கூடத் தெரியாது, ஏதாவது ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பார். சுட்டுவிடாதே. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கொஞ்சம் டார்ச் அடித்துக் காட்டு, உனக்குத்தான் அது பழக்கமாயிற்றே.

இப்படிக்கு,
இன்னும் கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருக்கும் உன் அம்மா