கடலூர் கோர்ட்டில் மிளகாய்ச் சட்னி

சிதம்பரம்
ஆவணி, 2009

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. நடராசர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து மழையோடு போகிறது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் கட்டாகிவிடும், இது பாதியில் விடுகிற சமாச்சாரம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம்!

எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி அத்தைக்குக் கண்ணில் பட்டுவிட்டது என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன், எப்படி என்று சொல்லவில்லை. தை மாசம் அவள் ஒரு மிக்சி வாங்கினாள். நம் வீட்டில் நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து ஓடுகிறதே, அதே கம்பெனி, அதே பேர். ஆனால் நம்முடையதில் மூடியைப் பிடிக்க இரண்டு பக்கமும் ஸ்டீல் கிளிப் இருக்கும், அவளுடையதில் நகம் மாதிரி மெல்லிசாக பிளாஸ்டிக். ஒரு நாள் மிளகாய்ச் சட்னி அரைக்கும்போது அது பட்டென்று உடைந்து, மூடி பறந்து, சட்னி மொத்தமும் அவள் முகத்தில். அவள் போட்ட சத்தத்தில் தெருவே ஓடி வந்தது. நான் குடத்தோடு தண்ணீரை ஊற்றினேன், அப்பா ஆட்டோ பிடித்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். இடது கண்ணில் பார்வை எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். தையல் மிஷினை நம்பித்தானே அவள் பிழைப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, ஊசில நூல் கோக்க முடியாட்டி நான் என்னா பண்ணுவேன்" என்று கேட்டாள். சொட்டு மருந்து போட்டுப் போட்டுப் பங்குனி கடைசியில்தான் கண் தெளிந்தது. அன்றைக்குத் தெருவுக்கே கேசரி கிண்டினேன்.

கண் தெளியும் வரைக்கும் நான் சும்மா இருக்கவில்லை. மேல வீதிக் கடைக்காரர் தங்கராசுவிடம் சண்டைக்குப் போனேன். அவர் பாவம், "பழைய கிளிப்பு வச்சதே அனுப்புங்கன்னு நானும் கேட்டுப் பாத்துட்டேங்க்கா, பிளாஸ்டிக்குல அவுங்களுக்கு லாபம் ஜாஸ்தியாம், இனிமே இதான்னுட்டாங்க. ஏழெட்டுப் பேரு ஒடஞ்சுதுன்னு கொண்டாந்துட்டாங்க" என்றார். அந்த ஏழெட்டுப் பேரையும் புவனகிரி வரைக்கும் தேடிப் பிடித்தோம். கம்பெனிக்கு எழுதினால், பெண்கள் மூடியைச் சரியாக மூடத் தெரியாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. எனக்கு வந்ததே கோபம்! உன்னையும் வளர்த்து, ஊருக்கும் சமைத்துப் போட்டவளுக்கு மூடி மூடத் தெரியாதாம். கடலூர் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டோம்.

போன மாசம் விசாரணை. ஆளுக்கொரு மிக்சியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். கண்டக்டர், "என்னாம்மா, இத்தினி சீரு போவுது, கடலூர்ல கல்யாணமா" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும், "என் வூட்லயும் ஒண்ணு ஒடஞ்சு கெடக்குது, வுடாதீங்க" என்றார். கோர்ட்டில் கம்பெனி அதிகாரி டை கட்டிக்கொண்டு ஒரு புது மிக்சியோடு வந்திருந்தார். அவர் சொன்னதையெல்லாம் நீதிபதி அம்மா பொறுமையாகக் கேட்டார். இந்த மூடியால் ஒரு ஆபத்தும் வராது என்று அவர் முடித்ததும், "சரி சார், நீங்களே மிளகாயைப் போட்டு ஓட்டிக் காட்டுங்க" என்றார். மிளகாய்க்கு எங்கே போவது என்று அவர் விழிக்க, நம் புஷ்பவள்ளி பையிலிருந்து எடுத்து நீட்டினாள்! அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. எல்லோரும் முந்தானையால் விசிறிக்கொண்டு காத்திருந்தோம், வியர்த்ததென்னவோ அவருக்குத்தான். கரண்ட் வந்ததும், ஒரு எட்டு பின்னால் போய், கையை எட்ட நீட்டி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சைத் திருகினார். மூடி அன்றைக்குப் பறக்கவில்லை. ஆனால் நீதிபதி அம்மா, "மூஞ்ச ஏன் சார் திருப்பிக்கிறீங்க?" என்று கேட்டார் பார், கோர்ட்டே சிரித்தது. தங்கராசுவும் பயப்படாமல் எழுந்து நடந்ததைச் சொல்லிவிட்டார்.

முந்தாநாள் தீர்ப்பு. புஷ்பவள்ளிக்கு வைத்தியச் செலவோடு நஷ்ட ஈடு, மாவட்டத்தில் விற்ற அத்தனை மிக்சிக்கும் ஸ்டீல் கிளிப் மாட்டித் தர வேண்டும். இன்று பேப்பரைப் பிரித்தால் அந்தக் கம்பெனியின் அரைப்பக்க விளம்பரம், 'இல்லத்தரசிகளின் பாதுகாப்பே எங்கள் லட்சியம், புத்தம் புதிய ஸ்டீல் கிளிப்புடன்' என்று போட்டு விலையையும் ஏற்றியிருக்கிறார்கள். அப்பாவுக்கு வந்த ஆத்திரத்தில் காபியே இறங்கவில்லை. புஷ்பவள்ளிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "லச்சியம்னே சொல்லிக்கட்டும் அண்ணி. இனிமே எந்தப் பொம்பளைக்கும் கண்ணு எரியாதுல்ல, அது போதும்" என்றாள்.

ஆருத்ரா தரிசனத்துக்கு மாப்பிள்ளை இப்போதே லீவு சொல்லி வைக்கட்டும், கடைசி நேரத்தில் கிடைக்கவில்லை என்று சொல்லக் கூடாது. குட்டிப்பயலுக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட மறக்காதே. மூணு பேரும் மனசு நிறைந்து, நீ மஞ்சள் குங்குமத்தோடு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
தைலம்மாள்