பிள்ளையாருக்கு வைத்த மொரீசியஸ் பூ

ஒஸ்லோ
10.03.2024

அன்பின் தர்மினி,

சுகம்தானே? போன் எடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். எனக்கு நாரி நோவு இன்னும் குறையவில்லை, குனிந்து நிமிர முடியவில்லை.

அந்த மொரீசியஸ் மரம் மொட்டு விட்டிருக்கிறது! ஒரேயொரு மொட்டு. இந்தத் தாவரவியல் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் நான் தண்ணீர் ஊற்றத் தொடங்கிய பிறகு இதுதான் முதல் தடவை. அதன் சொந்தத் தீவிலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய மரங்கள்தான் மிச்சமாம். அங்கிருந்து மகரந்தம் அனுப்பியிருக்கிறார்கள், குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. பூ விரிந்ததும் என் மேலாளர் இங்கர் அதைத் தூரிகையால் தொட்டுப் பூவில் வைப்பா. காய் பிடித்து விதை கிடைத்த அடுத்த நாளே பேர்கனுக்கு உம்மிடம் வந்துவிடுவேன். உமக்குச் சொன்ன சொல் மாறாது.

ஈஸ்டர் விடுமுறைக்கு வாரும், காட்டுகிறேன்.

உமது கஜரூபன்


பேர்கன்
03.04.2024

அன்புள்ள கஜன்,

வந்து சேர்ந்துவிட்டேன். ரயில் முழுக்க அழுகைதான்.

அன்று கண்ணாடி வீட்டில் மொட்டு விரியத் தொடங்கியதும் நீங்கள் இங்கரைக் கூப்பிட ஓடிவிட்டீர்கள். பூ என் முகத்துக்கு நேரே விரிந்து நின்றது. முதல் பூ சாமிக்கு என்பது எங்கள் வீட்டில் ஒருநாளும் மாறியதில்லை. 'பிள்ளையாரே, இந்த மனுசனை என்னட்டைக் கொண்டுவந்து சேர்த்துவிடு' என்று நேர்ந்துகொண்டு கிள்ளிக் கைப்பையில் வைத்துவிட்டேன். மகரந்தக் கதையை நீங்கள் எழுதி நான் வாசித்ததுதான். அந்த நேரம் அது நினைவில் வரவே இல்லை. இங்கர் அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

"நான்தான் பிடுங்கினனான்" என்று ஏன் சொன்னீர்கள்? நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நாலு வருசமாக என்னை இங்கே ஆஸ்பத்திரி வேலையோடு தனிய விட்டுவிட்டு அந்த மரத்தோடு குடும்பம் நடத்துகிறீர்கள். எனக்கு எரிச்சல் இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் இப்படி நினைத்துச் செய்யவில்லையப்பா.

தர்மினி


ஒஸ்லோ
12.04.2024

அன்பின் தர்மினி,

அழாதேயும். பிள்ளையாருக்கு நீர் வைத்த நேர்த்தி பலித்துவிட்டது. கண்ணாடி வீட்டுப் பூட்டின் திறப்பை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். மாத முடிவோடு வேலையும் இல்லை. "ஏன், கஜன்?" என்று மட்டும் இங்கர் கேட்டா. "எங்கடை வழக்கம்" என்றேன்.

வெளியில் நின்று பார்த்தேன். மரம் இலை கொட்டுகிறது. யார் தண்ணீர் ஊற்றுகிறார்களோ, அளவு தெரியாது அவர்களுக்கு.

பெட்டி கட்டிவிட்டேன். மாத முடிவில் வருகிறேன். வேறு என்ன செய்ய? களைத்துப்போனேன். ஸ்டேசனுக்கு வந்து நிற்க வேண்டாம்.

கஜன்


பேர்கன்
18.04.2024

அன்புள்ள கஜன்,

கட்டிய பெட்டியை அவிழுங்கோ. இன்று வேலை இடைவேளையில் இங்கருக்குப் போன் எடுத்து, பூவைப் பிடுங்கியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். "அவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள். மரத்துக்கு அவர்தான் வேணும்" என்றா.

'வேறு என்ன செய்ய' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. பிள்ளையாரிடம் நான் கேட்டது உங்களை, போக இடமில்லாமல் வருகிற மனுசனை இல்லை. கோபமில்லை கஜன். எனக்கும் களைப்புத்தான். இனி வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பூ சாமிப் படத்தடியில் வாடிக் கிடந்தது. இன்றைக்கு எடுத்துவிட்டேன்.

நாரிக்கு மருந்தை நேரத்துக்குப் பூசுங்கோ. அடுத்த மொட்டு வந்தால் எனக்கு எழுத வேண்டாம்.

தர்மினி