அக்கா வந்தால் சொல்ல வேண்டியது

யோவ், நீ நைட் டூட்டி முடித்து வரும்போது நான் குடோனுக்குப் போயிருப்பேன். சாவி பக்கத்து வீட்டு விஜியிடம் இருக்கிறது. குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சுட வைத்துக்கொள்.

உன் அக்கா என்னைப் பார்க்க இன்று வருகிறாளாம். என் தாடை வீங்கியதும் புகையிலை போட்டு வந்த புற்றுநோய் என்று நீயே முடிவு கட்டி, "அஞ்சல தேறமாட்டாக்கா" என்று போனில் அழுதாயே, அது என் காதில் விழுந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால் நீயே அவளுக்குச் சொல். புற்று இல்லை. கழுத்தில் பட்டாணி அளவு சுரப்பி ஒன்று வீங்கி, எலும்பில் இருந்த சுண்ணாம்புச் சத்தை எல்லாம் உருவிவிட்டது. அதில்தான் தாடை எலும்பு அரித்து வீங்கியது. கழுத்தில் இருந்ததை எடுத்தார்கள். தாடையில் கத்தியே வைக்கவில்லை.

நேற்று டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா கூடிட்டு வருதும்மா, இனிமே மென்னு சாப்பிடலாம்" என்றதும் நீ அங்கேயே தேம்பினாய். "இன்னாய்யா, பொழைச்சதுக்கும் அழுவுறியா?" என்று கேட்டேனே, கோபத்தில் கேட்கவில்லை.

இனி எனக்காகச் சோற்றை மிக்ஸியில் அரைக்காதே. இத்தனை மாசம் அரைத்தது போதும்.

அஞ்சலை

கீழே இடம் இருக்கிறது, இதையும் படி. கறிக்கடையில் நெஞ்செலும்பு வாங்கி வை. நான் வரும் வரை உன் அக்காவைப் போகவிடாதே. அவள் எதிரே உட்கார்ந்துதான் அதை மென்று தின்னப்போகிறேன்.